கண்காணிப்புக்குள் இருக்கும் கங்காணி

கண்காணிப்பு என்ற சொல்லுக்குள் ஓர் ஆள் நிற்கிறார். சோழர் கல்வெட்டுகளிலேயே கண்காணி என்று வரும் அந்தச் சொல், பேச்சில் தேய்ந்து கங்காணி ஆனது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் ஊர்க்காரர்களைக் கூட்டிப்போனவர் கங்காணி. வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்தவர், அதையே கடனாக எழுதிக்கொண்டவர், விடிகாலையில் ஆள் கூட்டும் பெரட்டுக்களத்தில் தலை எண்ணியவர், எல்லாம் அவர்தான். ஊர்விட்டு ஊர் போவதும் கண்காணிக்கப்படுவதும் தமிழில் ஒரே ஆளின் பெயரில் சேர்ந்து கிடக்கின்றன.

இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளி ஒரு தகர வில்லையைக் கயிற்றில் கோத்து அணிந்திருந்தார். அதில் மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண். ஆளின் பெயர் கிடையாது. நோய்த்தடுப்புக்காக முகாமில் நிறுத்திவைக்கும்போதும் ரயிலில் ஏற்றும்போதும், அவரை எங்கே அனுப்புவது, செலவை எந்தத் தோட்டத்துக் கணக்கில் எழுதுவது என்பதை அந்த வில்லையே சொன்னது. தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு வந்தது ‘துண்டு’. இந்தக் கூட்டத்துக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டுகிறவர் இவர்களை அழைத்துப்போகலாம் என்று ஒரு தோட்டம் இன்னொரு தோட்டத்துக்கு எழுதித் தரும் சீட்டு அது. கடன் கைமாறியது, ஆளும் கூடவே கைமாறினார். 1921இல்தான் இந்தத் துண்டு முறையைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள்.

சென்னையைக் களமாக வைத்து ஓர் இருண்ட எதிர்கால நாவல் எழுத உட்காருகிறவரின் கை முதலில் டிரோனைத் தேடிப் போகிறது. அடுத்து சுவரெல்லாம் திரை, மண்டைக்குள் சிப். இதெல்லாம் வேறு ஊர்க் கதைகளிலிருந்து இரவல் வாங்கிய பயம். இங்கே பிழைக்க வந்தவரைப் பின்தொடரும் கருவிகள் சின்னவை. மேசை மேல் கிடப்பவை, பாதி நேரம் வேலை செய்யாதவை. அவற்றுக்குப் பின்னால் எப்போதும் ஒரு கங்காணி இருக்கிறார். டிஜிட்டல் காலம் அவரை ஒழிக்கவில்லை. அவர் செய்த வேலைகளைப் பிரித்துப் பல கருவிகளுக்குக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். டிஸ்டோபியா எனப்படும் இருண்ட எதிர்காலக் கதைகளை எழுதுகிறவர்கள் அந்தக் கருவிகளின் உள்வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் புனைவுப் பக்கம். 1949இல் வந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலில், பார்ப்பவரையே திருப்பிப் பார்க்கும் டெலிஸ்கிரீன் என்ற திரை வீட்டுக்குள் இருந்தது. ஒருவர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஆளும் கட்சிக்குத் தெரிந்தாக வேண்டும். ஒடிசாவின் பலாங்கீரிலிருந்து வந்து சென்னையை அடுத்த படூரில் சென்ட்ரிங் அடிக்கிறவரின் மனதில் என்ன ஓடுகிறது என்று எந்த இயந்திரமும் கேட்காது. இவர் யார் கணக்கில் இருக்கிறார், கடன் எவ்வளவு, இந்த வாசலில் விடலாமா என்ற மூன்று கேள்விகளே போதும். உழைப்பு வேண்டும், ஆள் தங்கிவிடக் கூடாது என்று நினைக்கும் ஊரில் கண்காணிப்பு ஒரு கவுன்ட்டரின் வடிவத்தில்தான் இருக்கும்.

தமிழில் இந்த வகைக்கு வழி போட்டது சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. குழந்தை பெற்றுக்கொள்ள அரசிடம் அனுமதி வாங்கும் மனிதர்களை எண்பதுகளிலேயே ஆனந்த விகடன் வாசகர்களுக்குக் காட்டிவிட்டார். ஆனால் அந்த உலகத்தில் எல்லாரும் குடிமக்கள். வெளியூர்க்காரர் ஒருவர் உள்ளே வந்துவிட்டால் அந்தச் சமன் உடைந்துபோகும். அதே தெருவில், அதே கேமராவின் கீழே, ஒருவர் நிம்மதியாக நடக்கிறார், இன்னொருவர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொள்கிறார்.

சமகால நாவல்களில் இதை நன்றாகப் பிடித்தவர் மொஹ்சின் ஹமித். 2017இல் வந்த ‘எக்ஸிட் வெஸ்ட்’ நாவலில் சாதாரணக் கதவுகள் வேறு நாடுகளுக்குத் திறக்கின்றன. டிரோன் அதிலும் உண்டு, ஆனால் அவர் அதைக் கையாளும் விதம் வேறு. சின்ன டிரோன் ஒன்று குடிசையில் மோதி விழுகிறது, அகதிகளான அந்த இருவரும் அதைக் குழி தோண்டிப் புதைக்கிறார்கள். லண்டனில் வந்தேறிகள் இருக்கும் பகுதிக்கு மின்சாரத்தை நிறுத்திவிடுகிறார்கள், நகரம் வெளிச்ச லண்டன், இருட்டு லண்டன் என்று இரண்டாகிறது. கண்காணிப்பையும் கைவிடுதலையும் ஒரே சுவிட்சில் வைத்துக் காட்டிய இடம் அது.

லைலா லலாமியின் ‘தி ட்ரீம் ஹோட்டல்’ 2025இல் வந்தது. வெளிநாடு போய்த் திரும்பும் சாரா ஹுசைன் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் நிறுத்தப்படுகிறாள். அவள் கனவுகள் உள்படப் பலவற்றைக் கூட்டிக் கழித்து ஒரு மதிப்பெண் போட்டிருக்கிறார்கள், அது வரம்பைத் தாண்டிவிட்டது. 21 நாள் என்று சொல்லி உள்ளே வைக்கிறார்கள். சின்னச் சின்ன விதிமீறல்களைக் காட்டி நாள் நீண்டுகொண்டே போகிறது. இந்த நாவலின் பலம் கனவு படிக்கும் கருவியில் இல்லை, நாள் நீட்டிக்கும் அந்தக் காகிதத்தில் இருக்கிறது.

ஆனாலும் நம் எழுத்தாளர்கள் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியது, அலெக்ஸ் ரிவேரா 2008இல் எடுத்த ‘ஸ்லீப் டீலர்’ என்ற படம் என்பேன். மெக்ஸிகோ எல்லை மூடப்பட்டிருக்கிறது. தொழிலாளி டிஹுவானாவில் நின்றபடி உடம்பில் செருகிய ஒயர்கள் வழியாக அமெரிக்காவில் இருக்கும் ரோபோவை இயக்குகிறார். உழைப்பு எல்லை தாண்டுகிறது, உடம்பு தாண்டுவதில்லை. அந்த ஒயர்களைச் செருகிவிடும் தரகர்கள் தெருவில் நிற்கிறார்கள். நாயகனோடு நெருங்கிப் பழகும் பெண் அவனைப் பற்றிய தன் நினைவுகளையே இணையத்தில் விற்கிறாள், தொலைவிலிருந்து ஒருவர் காசு கொடுத்து வாங்கிப் பார்க்கிறார். கங்காணி இரண்டு உருவத்தில் வந்துவிட்டார் பாருங்கள்: சேர்த்துவிடுகிறவர், பக்கத்திலேயே இருந்து பார்க்கிறவர்.

இனி சென்னை. ரேஷன் கடையில் ‘ரேகை விழல’ என்பார்கள். பதியவில்லை என்றோ பொருந்தவில்லை என்றோ யாரும் சொல்வதில்லை, மழை விழாத மாதிரி ரேகையும் விழாமல் போகிறது. ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் 2020 அக்டோபர் 1 முதல் தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கிறது. வெளிமாநிலத் தொழிலாளி இங்குள்ள கடையில் தன் பங்கை வாங்கலாம். வாங்குகிற முறை இதுதான்: அட்டை எண்ணையோ ஆதார் எண்ணையோ பில் போடும் இயந்திரத்தில் தட்டுவார்கள், குடும்பத்தார் பெயர்கள் திரையில் வரும், வந்திருப்பவர் பெயரைத் தொட்டு விரலை வைக்கச் சொல்வார்கள். ரேகை மத்தியத் தரவுத்தளத்துக்குப் போய் ஆம், இல்லை என்று பதில் வரும். ஆம் வந்தால் மத்தியச் சட்டப்படியான பங்கு மட்டும் கிடைக்கும்: முன்னுரிமைக் குடும்பமாக இருந்தால் ஆளுக்கு மாதம் 5 கிலோ, மிக ஏழைகளுக்கான அந்த்யோதயா அட்டையானால் குடும்பத்துக்கு 35 கிலோ. தமிழ்நாடு தன் அட்டைதாரர்களுக்குத் தனியாகத் தரும் சலுகைகள் அவருக்கு வராது.

எங்கே தவறும் என்பதுதான் எழுத்தாளருக்குத் தேவை. ஈர சிமென்ட் கடும் காரம், அதன் பி.எச். 12, 13 வரை போகும். வெறும் கையால் கலவை தொடுகிறவரின் விரல்நுனித் தோல் மெல்ல அரிக்கப்படும், ரேகையின் மேடு மட்டமாகும். கண்ணாடி மேல் வைத்துப் படம் பிடிக்கும் சென்சாருக்கு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும், லேசான ஈரமும் வேண்டும். காய்ந்த விரலை அது வெள்ளையாகப் பார்க்கும், அழுத்தி வைத்தால் கறுப்பாக அப்பிவிடும். அதனால்தான் வரிசையில் நிற்பவர்கள் விரலை நெற்றியிலோ எண்ணெய்த் தலையிலோ தேய்த்துவிட்டு வைக்கிறார்கள். இதற்கு எந்தக் கையேடும் கிடையாது, வரிசையில் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுப்பது. நாவலில் ஒரு பீகார்ப் பெண் முன்பின் தெரியாத ஒரு தமிழ்ப் பாட்டியிடம் இதைக் கற்றுக்கொள்ளும் காட்சி வந்தால், அதிலேயே இரண்டு பேரின் வேலையும் வயதும் வெளிப்பட்டுவிடும்.

ரேகை விழுந்தாலும் சிக்கல் உண்டு. குடும்ப அட்டையில் அவர் பெயரோடு ஆதார் இணைக்கப்படாமல் இருக்கலாம். கடைக்கு வரும் சரக்கு அந்தக் கடையின் சொந்த அட்டைகளைக் கணக்கிட்டு வந்தது, மாதக் கடைசியில் வெளியூர் ஆள் வந்தால் விற்பனையாளர் ‘அடுத்த மாசம் ஒண்ணாந் தேதி வாங்க’ என்பார். ஊரில் மனைவி ஏற்கெனவே முழுப் பங்கையும் வாங்கியிருக்கலாம். அட்டையின் பங்கைப் பிரித்து, கொஞ்சம் ஊரிலும் கொஞ்சம் இங்கேயுமாக வாங்க இடம் உண்டு. இந்தப் பிரிவினையில்தான் ஒரு நாவலின் கரு கிடைக்கிறது. ஒவ்வொரு விரல் வைப்பும் தேதியோடும் கடை எண்ணோடும் பதிவாகிறது. கணவன் எந்த மாதம் எந்த ஊரில் இருந்தான் என்பதை அரிசி சொல்லிவிடும். முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்த சர்தார் யாரிடமாவது சொல்லி அந்தப் பட்டியலைப் பார்க்க முடிந்தால், செங்கல் சூளையிலிருந்து ஓடிப்போன குடும்பத்தை 5 கிலோ அரிசியை வைத்தே கண்டுபிடிக்கலாம். பசிக்கு வாங்கிய அரிசி துண்டுச் சீட்டாக மாறுகிறது. இந்த ஒரு காட்சிக்கு எந்த டிரோனும் ஈடாகாது.

ரேகை என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் நகர முடியாது. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் பத்து விரலையும் பதிய வேண்டும் என்று வந்த சட்டத்தை எதிர்த்து 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் பதிவுச் சான்றிதழ்களைக் குவித்து எரித்தார்கள். அந்தப் போராட்டத்தில் தமிழர் பங்கு பெரிது. இங்கே குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு மக்கள் வைத்த பெயரே ரேகைச் சட்டம். பதிவானவர்கள் இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும், ஊர் தாண்டினால் ராதாரி என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் பதிவுக்கு மறுத்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆக, ஒரு சமூகமே நகர்வதைத் தடுக்க விரலை வாங்கிய கதை நமக்குப் பழசு. எதிர்காலத்தைக் கற்பனை செய்கிறவர் கடந்த நூறு ஆண்டை வாசித்தால் போதும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வாசிக்காமல் எழுதினால் கதைக்கு வேர் இருக்காது.

அடுத்து கேமரா. சென்னைக் காவல்துறை ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் தெருவெங்கும் கேமரா வைக்கச் சொல்லிப் பெரிய இயக்கமே நடத்தியது. வணிகர்களும் குடியிருப்போர் சங்கங்களும் காசு போட்டு மாட்டியவை ஏராளம். மாட்டுகிற அன்று விழா, அதற்குப் பிறகு பராமரிப்பது யார் என்ற கேள்விக்குப் பல தெருக்களில் பதில் இல்லை. மழைநீர் வடிகாலுக்குத் தோண்டும்போது ஒயர் அறுந்துபோகும், கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் கனெக்டர் துருப்பிடிக்கும், எட்டுக்கால் பூச்சி லென்ஸில் வலை கட்டும். இரவில் அகச்சிவப்பு விளக்கு அந்த வலையில் பட்டுத் திரை முழுக்க வெள்ளைப் படலம்தான் தெரியும்.

பதிவு எத்தனை நாள் தங்கும் என்று கணக்குப் போடத் தெரிந்திருப்பது கதைக்கு அவசியம். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு ஏறக்குறைய 21.6 ஜிகாபைட். நான்கு கேமரா என்றால் 86 சொச்சம். படத்தைப் பதிந்துவைக்கும் டி.வி.ஆர். பெட்டிக்குள் 1 டெராபைட் டிஸ்க் இருந்தால் பதினோரு நாளில் நிரம்பி, பழசின் மேல் புதுசு எழுதத் தொடங்கிவிடும். சென்ட்ரல் பக்கத்து வால்டாக்ஸ் சாலை லாட்ஜ் வாசலில் கடைசியாகத் தெரிந்த ஒருவரைக் காணவில்லை என்று ஊரிலிருந்து தம்பி கிளம்பி வருகிறான். ரயிலில் இரண்டு நாள், மொழி தெரியாமல் காவல் நிலையத்தில் அலைச்சல் நான்கு நாள், புகார் எழுதிக்கொடுக்க ஒருவரைத் தேடி இரண்டு நாள், எல்லைத் தகராறில் அடுத்த நிலையத்துக்கு அனுப்பப்பட்டு மூன்று நாள். கடைக்காரர் பெட்டியைத் திறக்கும்போது அந்த நாள் அழிந்திருக்கும். பெட்டியின் கடிகாரம் மின்வெட்டுக்குப் பிறகு 2000 ஜனவரிக்குத் தாவியிருந்தால் இருக்கும் படமும் எந்த நாளுடையது என்று சொல்ல முடியாது. சதி எதுவும் தேவையில்லை. கேமரா இருந்தது, ஆனால் அவருக்காக இல்லை.

முக அடையாளம் பற்றி எழுதும்போது இரண்டு வேலைகளைக் குழப்பக் கூடாது. இவர்தான் இவரா என்று ஒருவரோடு ஒருவரை ஒப்பிடுவது ஒன்று. கூட்டத்தில் போகும் ஒவ்வொருவரையும் ஒரு பட்டியலோடு ஒப்பிடுவது இன்னொன்று. இரண்டாவதில்தான் வெளியூர்க்காரர் மாட்டுகிறார். சென்ட்ரல் மாதிரி ஓர் இடத்தில் நாளுக்கு ஒரு லட்சம் முகம் கேமராவைக் கடப்பதாகவும், ஆயிரத்தில் ஒரு முகத்துக்கு மென்பொருள் தவறாக மணி அடிப்பதாகவும் வைத்துக்கொண்டால், தினம் 100 பேர் தவறாக நிறுத்தப்படுவார்கள். பட்டியலில் உண்மையாகவே இருக்கும் இரண்டு பேர் அன்று வந்தால், 102 மணியில் 2 மட்டும் சரி. நாலாவது நாளிலிருந்து அந்தக் காவலர் எல்லா மணிக்கும் எழுந்து போக மாட்டார். தனக்கு ஏற்கெனவே சந்தேகமாகத் தெரிகிற முகத்துக்கு மட்டும் போவார். இயந்திரம் பாரபட்சத்தை நீக்கவில்லை, அதற்கு ஒரு சாட்சியைக் கொடுத்தது. அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், பல மென்பொருள்கள் ஆசிய, ஆப்பிரிக்க முகங்களை வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்கு வரை அதிகமாகத் தவறாகப் பொருத்தின.

இன்னொரு நுணுக்கம்: கம்பத்தில் பதினைந்து அடி உயரத்தில் இருக்கும் கேமராவுக்கு உச்சந்தலைதான் தெரியும். முகம் பொருந்த வேண்டுமானால் இரு கண்ணுக்கும் இடையில் ஐம்பது, அறுபது பிக்சலாவது வேண்டும். தலையில் செங்கல் தூக்குகிறவர் கீழே பார்த்தே நடப்பார். நிமிர்ந்து நேராகப் பார்க்க வைக்கிற இடங்கள் வேறு: டிக்கெட் கவுன்ட்டர், வேலைத்தள வாசலில் வருகைப் பதிவுக் கருவி, சிம் கார்டு வாங்கும் கடை. அங்கே அவரே முகத்தைக் கொடுக்கிறார், கொடுக்காவிட்டால் அன்றைய கூலி இல்லை. நாவலில் கேமராவை வைக்க இடம் தேடுகிறவர்கள் கம்பத்தை விட்டுவிட்டு இந்த மேசைகளுக்கு வர வேண்டும்.

2012 பிப்ரவரியில் வேளச்சேரியில், வங்கிக் கொள்ளைச் சந்தேகத்தின் பேரில் வட மாநிலத்தவர் ஐந்து பேர் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அதையடுத்து வாடகைக்கு இருப்பவர்களின் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவு வந்தது. கேமராவுக்கு முன்பே வீட்டுக்காரர் கங்காணி ஆனார். 2023 மார்ச்சில் நடந்தது இதன் மறுபக்கம். பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாக, சம்பந்தமே இல்லாத சண்டைகளின் வீடியோக்கள் பரவின. பொய் என்று காவல்துறை மறுத்தது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்தது. அதே வாரம் ஹோலி. சென்ட்ரலில் மூட்டையோடு நின்ற கூட்டத்தில் யார் பண்டிகைக்குப் போகிறவர், யார் பயந்து போகிறவர் என்று எந்த மென்பொருளாலும் பிரித்திருக்க முடியாது. பெரிய அத்தியாயம் ஒன்று இந்த நடைமேடையில் காத்திருக்கிறது.

கைபேசிக்கு வருவோம். புலம்பெயர்ந்தவருக்கு அது வழித்துணை, வங்கி, வீடு. அதனாலேயே அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். பிரிட்டனில் சிறு படகுகளில் வந்தவர்களின் கைபேசிகளை ஒட்டுமொத்தமாகப் பறித்தது சட்டவிரோதம் என்று 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் சொன்னது. ஜெர்மனியில் தஞ்சம் கேட்டவர்களின் கைபேசியை வழக்கமாக நோண்டியதை 2023 பிப்ரவரியில் நீதிமன்றம் தவறென்றது. தீர்ப்பு வரும்வரை நடந்தவை நடந்தவைதான். அமெரிக்காவில் சி.பி.பி. ஒன் என்ற செயலி 2023 ஜனவரி முதல் தஞ்சம் கேட்கிறவர்களுக்கு எல்லையில் நேரம் ஒதுக்கியது. பின்னர் நாளுக்கு 1,450 இடம் என்று ஆனது. கறுத்த முகங்களைப் படம் எடுக்க அது தடுமாறுவதாகப் புகார்கள் வந்தன. 2025 ஜனவரி 20 அன்று ஒதுக்கிய நேரங்கள் எல்லாம் ரத்தாயின. இரண்டு மாதத்துக்குள் அந்தச் செயலி பெயர் மாறி, நாட்டைவிட்டுத் தானே வெளியேறுகிறேன் என்று பதிவுசெய்யும் செயலியாகிவிட்டது. வாசலுக்குக் கூப்பிட்ட கருவியே வெளியே போகச் சொல்கிறது. இதைக் கற்பனையாக எழுதியிருந்தால் மிகை என்றிருப்போம்.

தமிழ்நாட்டுக்கு நெருக்கமான டிஸ்டோபியா மியான்மர் எல்லை ஊரான மியாவடியில் இருக்கிறது. தாய்லாந்தில் கணினி வேலை, நல்ல சம்பளம் என்று விளம்பரம் வரும். நம்பிப் போகிறவரை பாங்காக்கில் இறக்கி, சாலை வழியே தாய்லாந்து எல்லை ஊரான மே சோட் வரை கொண்டுபோய், மோய் ஆற்றைக் கடத்தி மியான்மருக்குள் விட்டுவிடுவார்கள். அங்கே கடவுச்சீட்டும் கைபேசியும் பறிபோகும். கொடுக்கும் கைபேசிகளில் பொய்ப் பெயரில் பேசி, பழகி, நம்பவைத்து, முதலீடு என்று பணம் பிடுங்க வேண்டும். வெளியேற வேண்டுமானால் உன்னை வாங்கிய விலையைக் கட்டு என்பார்கள். துண்டு முறைதான், ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, வேறு ஆற்றங்கரையில். 2022 அக்டோபரில் அங்கிருந்து மீண்ட தமிழர்கள் 13 பேர் சென்னை விமான நிலையத்தில் வந்திறங்கினார்கள். 2025 பிப்ரவரியில் தாய்லாந்து அந்த எல்லை ஊர்களுக்கு மின்சாரத்தையும் இணையத்தையும் நிறுத்தியபோது, ஹமித்தின் இருட்டு லண்டன் ஞாபகத்துக்கு வந்தது. கண்காணிக்கப்படுகிறவரையே பிறரைக் கண்காணிக்க உட்காரவைக்கும் இந்த இடம்தான் நம் மொழியில் இன்னும் சரியாக எழுதப்படாத நாவல்.

எழுதும்போது வரும் சிக்கல்களில் பேச்சுமொழி பெரியது. கருவியின் முன்னால் மக்கள் பேசுவதை அப்படியே எடுங்கள்: ‘சர்வர் படுத்துடுச்சு’, ‘ஓ.டி.பி. வரல’, ‘பழைய நம்பருக்குப் போகுது’. அந்தப் பழைய நம்பர் ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போய், வேறு யாருக்கோ ஒதுக்கப்பட்டிருக்கும். ஒருவரின் ஓ.டி.பி. முன்பின் அறியாத ஒருவருக்குப் போகிறது என்பதே ஒரு சிறுகதை. ஒடிசாக்காரர் அரைகுறைத் தமிழில் ‘அண்ணா, இன்னொரு வாட்டி’ என்பார், விற்பனையாளர் அரைகுறை இந்தியில் ‘தூஸ்ரா உங்களி’ என்று அடுத்த விரலைக் கேட்பார். இருவருக்கும் நடுவே இருக்கும் பெயர் மூன்றாவது மொழியில், ஆங்கில எழுத்தில், ஊரில் யாரோ தட்டச்சு செய்த பிழையோடு திரையில் நிற்கும். அந்த விற்பனையாளரை வில்லனாக்கிவிடாதீர்கள். இல்லை என்ற பதிலை வாய்விட்டுச் சொல்ல வேண்டியவர் அவர், திட்டு வாங்குகிறவரும் அவர். அவர் பக்கத்திலிருந்து முழு நாவலையும் சொல்ல முடியும்.

தரவு ஆளைவிட நீண்ட நாள் வாழும் என்பதையும் கதைக்குள் கொண்டுவர வேண்டும். வங்கதேச முகாம்களில் ரோஹிங்கியாக்கள் உணவுக்கும் உதவிக்கும் கொடுத்த விவரங்கள், அவர்கள் யாரிடமிருந்து தப்பி ஓடினார்களோ அந்த மியான்மர் அரசின் கைக்கே போனதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2021 ஜூனில் வெளிக்கொண்டுவந்தது. கேளம்பாக்கம் புயல் பாதுகாப்பு மையத்தில் வாழ்ந்த ரோஹிங்கியாக் குடும்பங்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள்ளேயே 2024 மே மாதம் வெளியாள் ஒருவர் திருட்டுக் கடவுச்சொல்லோடு நுழைந்தார். பூட்டி வைத்திருக்கிறோம் என்று சொல்லும் எந்தப் பாத்திரத்தையும் கதைசொல்லி நம்பக் கூடாது.

கும்மிடிப்பூண்டியிலும் புழலிலும் இருக்கும் முகாம்களுக்கு 2021 ஆகஸ்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறியது. பெயர் மாற்றம் மரியாதையானது, வரவேற்கத்தக்கது. ஆனால் ஆள் எண்ணிக்கை எடுப்பது முகாம் வாழ்க்கையின் பகுதியாகவே இருந்துவந்திருக்கிறது. 1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறந்தவருக்குக் குடியுரிமை வேண்டுமானால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அதனால் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, சென்னைத் தமிழ் பேசும் முப்பது வயதுக்காரர் சட்டத்தின் கண்ணில் இன்னும் வெளிநாட்டவர். ஆதார் எண் கிடைத்தாலும் அது குடியுரிமைச் சான்று ஆகாது.

இத்தனையையும் ஒரே நாவலில் வைக்க நினைக்கிறவருக்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை, ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊர் இருக்கிறது. தோட்டத்துக்குப் போகிறவர்களை நோய்த்தடுப்புக்கு நிறுத்திய அதே முகாம், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்களை வாங்கியது, 1983க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்தவர்களை வாங்கியது, 2022இல் விலைவாசிக்குத் தப்பித் தனுஷ்கோடி மணல்திட்டில் இறங்கியவர்களையும் வாங்கியது. தகர வில்லையோடு போன கொள்ளுத்தாத்தா, கப்பலில் திரும்பிய பாட்டி, படகில் வந்த அம்மா, இன்று புழல் முகாமிலிருந்து அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய் வாசலில் முகத்தைக் காட்டும் மகள். அந்தக் குடும்பத்தின் பெயரை நான்கு பதிவேட்டிலும் தேடிப் பாருங்கள். முதலாவதில் பெயரே இருக்காது, ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். மற்ற மூன்றிலும் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள்.